சட்டம் போடாமல் கிடைத்த மன்னிப்பு

அன்பின் குகன்,

கடிதம் கிடைத்தது. இலங்கையில் உண்மை ஆணைக்குழு ஒன்று வந்து, போர்க்காலத்தில் நடந்ததைச் சொல்லும் படையினருக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்தால் சனத்துக்கு ஒரு முடிவாவது கிடைக்குமே என்று கேட்டிருக்கிறாய். இங்கேயும் களைத்துப்போன பலர் அப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் மச்சான், மன்னிப்பு இனிமேல்தான் வரப்போகிறது என்று நினைக்காதே. அது எப்பவோ வந்துவிட்டது.

சட்டமாகவே வந்ததும் உண்டு. தமிழருக்கு எதிரான 1977 ஓகஸ்ட் வன்செயல் காலத்துக்காக 1982இல் ஒரு சட்டம் போட்டார்கள். அரச தரப்பினர் பொது நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்ததென்றால் வழக்கில்லை என்பது அதன் சாரம். 1988இல் அதைத் திருத்தி, அந்த வருடம் டிசம்பர் 16 வரை நீட்டினார்கள். பிறகு நடந்தவற்றுக்கு அப்படி ஒரு சட்டம் தேவைப்படவேயில்லை. நடைமுறையே அந்த வேலையைச் செய்தது.

குமாரபுரத்தைப் பார். 1996 பெப்ரவரி 11, மூதூருக்குக் கிட்ட, 24 பேர் கொல்லப்பட்டார்கள். வழக்கு, எதிரிகளின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்ட படையினரின், பாதுகாப்பைச் சொல்லி அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. ஜூரி விசாரணை வேண்டுமா, எந்த மொழிக் குழுவிலிருந்து ஜூரிகளை எடுப்பது என்று தெரிவுசெய்யும் உரிமை எதிரிக்கு உண்டு. ஏழு பேரில் ஐந்து பேர் ஒத்துப்போனால் தீர்ப்பு. சாட்சிகள் ஊர்விட்டு ஊர் போய், சிங்களம் பேசும் ஜூரிகளுக்கு முன்னால், இருபது வருடம் முந்தைய முகங்களை அடையாளம் காட்ட வேண்டியிருந்தது. 2016 ஜூலையில் முன்னாள் கோப்ரல்கள் ஆறு பேரும் விடுதலை.

யாழ்ப்பாணத்து மிருசுவில் வழக்கு மட்டும் ஏன் தப்பிப் பிழைத்தது? 2000 டிசம்பர் 19இல் படையினர் எட்டுப் பேரைக் கொன்றார்கள், அதில் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒன்று. ஆனால் ஒருவர் தப்பினார், உடனே சொன்னார், சில நாட்களுக்குள் உடல்கள் எடுக்கப்பட்டன. உயிரோடு ஒரு சாட்சி, கையில் உடல், சூடாறாத விசாரணை. இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம். அப்படியிருந்தும் 2015இல்தான் தீர்ப்பு. ஐந்து எதிரிகளில் ஒரு சார்ஜன்டுக்கு மட்டும் மரண தண்டனை. 2019இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. 2020 மார்ச்சில், ஊர் முழுக்கக் கொரோனாவில் அடங்கிக் கிடந்த நேரம், ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவரை மன்னித்து விட்டார்.

அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரை மன்னிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. மரண தண்டனை என்றால் ஒரு வழியும் சொல்கிறது: விசாரித்த நீதிபதியிடம் அறிக்கை, அதன்மேல் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபரின் ஆலோசனை, பிறகு நீதி அமைச்சரின் பரிந்துரை. இதே ஜனாதிபதி, கொலை வழக்கில் மரண தண்டனை பெற்ற முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவுக்குக் கொடுத்த மன்னிப்பை 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இரத்துச் செய்தது. ஆகவே மன்னிப்பையும் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். மிருசுவில் மன்னிப்புக்கு எதிராகவும் 2020இலேயே அடிப்படை உரிமை மனுக்கள் போடப்பட்டன.

பலருக்குத் தெரியாத இடம் இனித்தான். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 456ஆம் பிரிவுப்படி, கொலைக்கும் தேசத்துரோகத்துக்கும் காலவரம்பு இல்லை. மற்றவற்றுக்குப் பொதுவாக 20 வருடம்தான். ஆட்கடத்தல், சித்திரவதை, பாலியல் வன்புணர்வு எல்லாம் அந்த "மற்ற"வற்றுக்குள். போர் முடிந்த 2009 மே மாதத்தில் நடந்த அப்படியான குற்றங்களுக்கு 2029 மே வரைதான் நேரம். தொண்ணூறுகளில் நடந்ததற்குக் கதவு ஏற்கெனவே பூட்டியாயிற்று. ஆட்களைக் கடத்தும் வெள்ளை வானில் ஏற்றியதைப் பார்த்த சாட்சி இருந்தால் கடத்தலை நிரூபிப்பது சுலபம், ஆனால் அது காலாவதியாகும். கொலை காலாவதியாகாது, ஆனால் உடல் இல்லாமல் அதை நிரூபிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் இடையில்தான் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிற்கின்றன. வலிந்து காணாமலாக்குதல் குற்றமானதோ 2018இல்தான். பின்னோக்கிப் போகாது என்பார்கள். ஆனால் அரசியலமைப்பின் 13(6) உறுப்புரை, செய்த நேரத்திலேயே உலக நாடுகள் ஏற்ற சட்டக் கோட்பாடுகளின்படி குற்றமாக இருந்ததைப் பின்னர் வந்த சட்டத்தாலும் தண்டிக்க இடம் விடுகிறது. அந்த வாசலை ஏன் எவரும் தட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

தென்னாபிரிக்காவை நீ உதாரணம் காட்டினாய். அங்கே உண்மை ஆணைக்குழுவிடம் 7,000க்கும் மேற்பட்டவர்கள் மன்னிப்புக் கேட்டு விண்ணப்பித்தார்கள், மன்னிப்புக் கிடைத்தது 849 பேருக்குத்தான். முழுதும் சொல்ல வேண்டும், அரசியல் நோக்கத்தோடு செய்ததாக இருக்க வேண்டும். சொல்லாதவனுக்கு வழக்கு வரும் என்ற பயம்தான் அதை ஓட்டிய எந்திரம். பிறகு மறுக்கப்பட்டவர்கள் மேலும் பெரிதாக வழக்குப் போடவில்லை என்பதுதான் அங்குள்ளவர்களின் மனக்குறை. நம்மிடம் அந்தப் பயமே இல்லையே, எவன் வந்து வாய் திறப்பான்? பிரித்தானியா வட அயர்லாந்துக்காக 2023இல், நிபந்தனையோடு வழக்கிலிருந்து விலக்களிக்கும் சட்டம் போட்டது. அடுத்த பெப்ரவரியிலேயே, அது மனித உரிமைச் சமவாயத்துக்கு முரண் என்று பெல்பாஸ்ட் மேல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

உண்மைக்குப் பதில் மன்னிப்பு என்பதற்குப் புதுச் சட்டமும் வேண்டாம். அதே நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 256ஆம் பிரிவின்படி, குற்றத்தில் கூட நின்றவனுக்குச் சட்டமா அதிபர் நிபந்தனையோடு மன்னிப்புக் கொடுத்துச் சாட்சியாக்கலாம். மறைத்தால் பழைய குற்றத்துக்கே வழக்கு. ஒரு கோப்ரலை அப்படி எடுத்து, கட்டளை கொடுத்தவனிடம் போகலாம். கீழுள்ளவர் செய்ததற்கு மேலதிகாரியும் பொறுப்பு என்ற கட்டளைப் பொறுப்புக் குற்றம் நம் தண்டனைச் சட்டக்கோவையில் இல்லாததால் மேலே ஏற வேறு ஏணி குறைவு. நான் கேட்கும் மன்னிப்பு இவ்வளவுதான்: ஆளுக்கு ஆள், வழக்குக்கு வழக்கு, கீழிருந்து மேலே. மொத்தமாக வேண்டாம்.

உன் பக்கத்து ஆட்கள் கேட்டால் இதைச் சொல். காணாமல் ஆக்கப்பட்டோர் அலுவலகத்தில் பதிந்ததை வழக்கு என்று நம்பியிருக்க வேண்டாம். அதன் முடிவுகளால் எவர்மீதும் குற்றப் பொறுப்பு வராது என்று அதை அமைத்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, நீதவானின் மரண விசாரணைப் பதிவு, சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, ஆட்கொணர்வு மனு போட்டிருந்தால் அதன் இலக்கம், எல்லாவற்றுக்கும் உறுதிப்படுத்திய பிரதி இப்பவே எடுக்கச் சொல். வெளிநாட்டில் இருக்கும் சாட்சிகள் திகதியோடு சத்தியக்கடதாசி முடித்து வைக்கட்டும். வழக்கிலக்கம் தெரியாதவர்கள் எந்த நீதிமன்றம், எந்த மாதம், எந்தப் பொலிஸ் பிரிவு என்று எழுதி அனுப்பினால், இங்கே பதிவறையில் தேடிப் பார்க்க ஆள் இருக்கிறது.

அன்புடன்,
தேவன்