இயங்கும் சிற்பங்களுக்கு ஒரு பட்டறை வேண்டும்

புதுச்சேரி அரசின் கலை, பண்பாட்டுத் துறை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சென்சார், மோட்டார், கணினி நிரல் கொண்டு சிற்பம் செய்யும் இளம் கலைஞர்கள் ஷாஃப்ட் எனும் சுழல்தண்டைக் கடையவும், அது உட்கார்ந்து சுழலும் 'புஷ்' வளையத்தைப் போடவும் என்னிடம் வருகிறார்கள். கண்காட்சியில் ஆள் கிட்டே போனதும் அந்தச் சிற்பம் தலையைத் திருப்பும். பிள்ளைகள் அதை விட்டு நகர மாட்டார்கள். ஒரு மழைக்காலம் போனால் அதுவே அசையாமல் மூலையில் கிடக்கும். நம் கடற்காற்றின் உப்பு பேரிங்கை இறுக்கிவிடும், கனெக்டர் பின்களில் பச்சை பூக்கும். செய்தவர் வேலை தேடிச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போயிருப்பார். திறந்து பார்க்க யாரும் இல்லை.

பெரிய நிறுவனங்களிடமும் இப்படி நடந்திருக்கிறது. சிற்பி எட்வர்ட் இனாடோவிச் உருவாக்கிய 'சென்ஸ்டர்' 1970-இல் நெதர்லாந்தின் ஐந்தோவனில், பிலிப்ஸ் நிறுவனத்தின் காட்சிக்கூடத்தில் நின்றது. ஹைட்ராலிக்கில், அதாவது எண்ணெய் அழுத்தத்தில், இயங்கும் நாலரை மீட்டர் எஃகு உடம்பு. மெல்லப் பேசினால் மைக் வழியாகக் கேட்டு அந்தப் பக்கம் குனியும், கூச்சல் போட்டால் விலகிக்கொள்ளும். கணினி கட்டுப்படுத்திய முதல் ரோபோ சிற்பங்களில் அதுவும் ஒன்று. அதையே 1974-இல் கழற்றிவிட்டார்கள். எலும்புக்கூடு மட்டும் பல ஆண்டுகள் வெட்டவெளியில் நின்றது. பிறகு 2017-இல் போலந்தின் கிராக்கோவ் நகரப் பல்கலைக்கழகம் ஒன்று வாங்கி, மறுபடி அசைய வைத்தது. பொறியாளர்கள் கை வைத்ததால்தான் அது நடந்தது.

அந்தக் கைகள் நம் ஊரிலும் உண்டு. 2020-இல் மூடிய ஏ.எஃப்.டி. துணி ஆலையின் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்ட ஃபிட்டர்களை நினைத்துப் பாருங்கள். சத்தம் கேட்டே எந்தப் பல்சக்கரம் தேய்ந்தது என்று சொல்லிவிடுவார்கள்! அந்த ஆலை வளாகத்தில் ஒரு கொட்டகையை இயங்கும் கலைக்கு ஒதுக்குங்கள். ஒரு ஃபிட்டரும் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவரும் அங்கே சம்பளத்தில் இருக்கட்டும். இனி எந்த இயங்கும் சிற்பத்தை வாங்கினாலும் வரைபடமும் நிரலும் துறையின் கைக்கு வர வேண்டும். பராமரிப்புப் பணமும் அதே ஆணையில் இருக்க வேண்டும். கடற்கரையில் வைப்பதென்றால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். விலை கூடும்தான், ஆனால் உப்பைத் தாங்கும்.

கொட்டகை கிடைத்தால் அங்கே வரும் சிற்பங்களுக்கான கடைசல் வேலையை என் பட்டறையில் கூலி வாங்காமல் செய்து தருகிறேன். தாங்கள் தேதி சொன்னால், இப்போது பழுதாகி நிற்கும் சிற்பங்களின் பட்டியலோடு அலுவலகத்துக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
தட்டாஞ்சாவடி லேத் பட்டறைக்காரர் ஒருவர்