பனை விதை வேலை: ஆளுக்கு ஏத்த மாதிரி பிளான மாத்தணும்

எல்லாருக்கும் வணக்கம்.

வர்ற ஞாயிறு காலை 7 மணிக்கு பெரிய கண்மாய் கரைல மீட்டிங், கண்டிப்பா வாங்க. இந்த வருஷம் 3 கண்மாய்ல 10,000 பனை விதைன்னு ஜூன்ல ஆசையா பேசி முடிச்சோம், ஆனா நம்ம டிரஸ்ட்ல சம்பளத்துக்கு இருக்கறது 2 பேர்தான், குரூப்ல 140 பேர் இருந்தாலும் கடப்பாரையோட கரைக்கு வர்றது 12 பேர். ஒரு ஆள் ஒரு காலைல குழி தோண்டி 40 விதை போடுவாங்க, அப்போ 12 பேருக்கு 480, வடகிழக்கு மழை பிடிக்கறதுக்குள்ள 5 ஞாயிறு கிடைச்சாலே 2,400தான் வருது. போன வருஷம் சாக்குலயே கிடந்த விதையெல்லாம் முளை விட்டு கோணிய துளைச்சிட்டு வெளிய வந்துருச்சு, பிரிச்சா முளை ஒடியுது, கையில எடுத்துப் பார்த்தப்போ மனசே ஆறல.

அதனால என் யோசனை, ஒரே கண்மாய், 2,000 விதை, மீதிய அடுத்த வருஷம் பார்ப்போம். நீங்க செய்ய வேண்டியது:

1. எந்தெந்த ஞாயிறு வர முடியும்னு தேதி போட்டு சொல்லுங்க, "முடிஞ்சா வரேன்"னு மட்டும் வேணாம்.
2. வர முடியாதுன்னா தயங்காம சொல்லிடுங்க, அதுவும் பெரிய உதவி.
3. கடப்பாரை, மம்பட்டி எத்தனை இருக்கு?
4. விதை பொறுக்கறத மீட்டிங் வரைக்கும் நிறுத்தி வைங்க. சின்னப் பசங்க ஆர்வமா கொண்டுட்டு வர்றாங்க, அவங்ககிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லுங்க.
5. ஆபீஸ்ல இருக்கற ரெண்டு பேருக்கும் ராத்திரி 8 மணிக்கு மேல போன் போடாதீங்க ப்ளீஸ், கணக்கு, டொனேஷன் ரசீது, ஸ்கூல் நிகழ்ச்சின்னு எல்லாமே அவங்க தலைலதான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள இங்கயே ரிப்ளை போடுங்க.