இணங்கிப் பிரிவோரையும் குற்றம்சாட்டச் சொல்லும் சட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலையில் ஒரு சட்டத்தரணியிடம் நெடுங்காலம் இலிகிதராக இருந்தவன் நான். சச்சரவில்லாமல், கையைக் கடிக்காத செலவில் பிரிந்துகொள்ள வழியுண்டா என்று கேட்டு வந்த தம்பதியர் பலரைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு நேரான விடையொன்றைச் சொல்ல எங்களால் முடிந்ததேயில்லை.

இலங்கையின் பொதுச் சட்டமான 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு மூன்று காரணங்களையே ஏற்கிறது: மணமான பின் வேறொருவருடன் கொண்ட தகாத உறவு, தீய எண்ணத்துடன் கைவிட்டுச் செல்லல், மணவேளையிலேயே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. “ஒத்துவரவில்லை, இருவரும் பேசி முடிவெடுத்துவிட்டோம்” என்பது அதில் இல்லை. போதாக்குறைக்கு, இருவரும் கூடிப் பேசியே வழக்கைக் கொண்டுவந்தார்கள் என்று மன்று கண்டால், அதைத் தள்ளிவிடவும் இடமுண்டு.

நிலாவெளியிலிருந்து ஒரே முச்சக்கர வண்டியில் வந்திறங்கிய ஒரு தம்பதியை என்னால் மறக்க முடியவில்லை. கைவிட்டுச் செல்லல் என்றால் என்னவென்று விளக்கியதும் அந்தப் பெண், “இவர் எங்களை விட்டிட்டுப் போகேல்லையே, மாதாமாதம் பிள்ளைக்குக் காசு தாறார், நான் எப்படிப் பொய் எழுதுறது?” என்று கேட்டார். கணவர் ஒன்றும் பேசாமல், குனிந்து பிள்ளையின் சப்பாத்து வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். வழக்குப் போடாமலே திரும்பிய அவர்கள், நானறிந்தவரை வேறு வேறு வீடுகளில் வாழ்ந்தபடி, சட்டத்தின் கண்ணில் இன்னும் கணவன் மனைவியாகவே இருக்கிறார்கள்.

மூவினத்தவரும் அயலவராக வாழும் எங்கள் ஊரில், சட்டத்துக்குச் சட்டம் உள்ள வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. கண்டிப் பகுதிச் சிங்களவருக்கான கண்டியச் சட்டப்படி மணந்தவர்கள் 1952ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், இருவரும் சம்மதித்தால் மாவட்டப் பதிவாளரிடமே பிரிந்துகொள்ளலாம். முஸ்லிம் தம்பதியருக்குக் காதி நீதிமன்றில், இருவரும் இணங்கிப் பிரியும் முபாரத் முறை உண்டு. (காதி முறையில் பெண்கள் படும் சங்கடங்களை முஸ்லிம் சகோதரிகளே எடுத்துரைத்து வருகிறார்கள், அது தனியே பேசவேண்டிய விடயம்.) தமிழகத்து இந்துக்களுக்குக்கூட 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் பரஸ்பர சம்மத விவாகரத்து கிடைத்துவிட்டது. இங்குள்ள தமிழ்த் தம்பதியரோ மாவட்ட நீதிமன்றப் படியேறி, ஒருவரையொருவர் குற்றவாளியாக்கியே தீரவேண்டியிருக்கிறது.

செலவும் இதிலிருந்தே பிறக்கிறது. குற்றத்தை நிரூபிக்க வேண்டியிருப்பதால் அழைப்பாணை, தவணை, சாட்சியம் என்று வழக்கு நீள்கிறது. ஒவ்வொரு தவணைக்கும் சட்டத்தரணிக் கட்டணத்தோடு ஒருநாட் கூலியும் போகிறது. தீர்ப்பு கிடைத்த பின்னரும் அது முற்றாக்கப்பட மூன்று மாதம் பொறுத்திருக்க வேண்டும்.

வசதி குறைந்தவர்கள், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழுவை முதலில் நாடலாம். பராமரிப்புப் பணத்துக்கு விவாகரத்து வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை; 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டப்படி நீதவான் நீதிமன்றில் அதைக் கோரலாம்.

இருவரின் சம்மதத்தையும் விவாகரத்துக்கான நான்காவது காரணமாக, பிள்ளைகளின் பராமரிப்பை மன்று உறுதிசெய்த பின்னரே செல்லுபடியாகும் என்ற நிபந்தனையோடு, பொதுச் சட்டத்தில் சேர்க்கவேண்டும். எங்கள் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள் இதற்கொரு தனிநபர் பிரேரணையையேனும் கொண்டுவருமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இலிகிதர்,
உவர்மலை, திருகோணமலை.