சக்கரம் கட்டுவதற்கு முன் பத்து நிமிடம்

சென்னையில் காலை பேட்ச் எடுக்கும் ஸ்கேட்டிங் மாஸ்டர்களுக்கு வணக்கம்.

நான் விளையாட்டு வீரனும் இல்லை, பிசியோதெரபிஸ்டும் இல்லை. ஆறு மணி பேட்ச்சுக்கு மகளைக் கூட்டிவரும் அப்பா. வேலிக்கு வெளியே சும்மா நிற்பானேன் என்று நானும் ஒரு ஜோடி இன்லைன் ஸ்கேட் (சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்குமே, அது) வாங்கிப் பெரியவர்கள் பேட்ச்சில் சேர்ந்தேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆரம்பத்தில் எங்கள் மாஸ்டர் ஸ்கேட் கட்டுவதற்கு முன் வார்ம் அப்புக்காகப் பிள்ளைகளைச் சாதாரண ஷூவோடு நாலு ரவுண்டு ஓடவிடுவார். "ஒரு மணி நேரத்துக்குத்தானே ஃபீஸ் கட்டுகிறோம், அதில் பத்து நிமிடம் இப்படிப் போனால் எப்படி சார்?" என்று கேட்ட பெற்றோரில் நானும் உண்டு. எங்கள் முணுமுணுப்பு ஜெயித்தது. பிள்ளைகள் வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து, லேஸ் இறுக்கி, பக்கிள் மாட்டி நேராக ரிங்க்கில் இறங்கினார்கள். நானும்தான். ஒருநாள் தாமதமாகப் போய், மற்றவர்களைப் பிடித்துவிட வேண்டுமென்று முதல் ரவுண்டிலேயே வேகமாகத் தள்ளினேன். பக்கவாட்டில் போன வலது காலை உள்ளே இழுக்கும்போது உள்தொடையில் சுரீரென்றது. ஒன்றரை மாதம், ஆட்டோவில் ஏறும்போதுகூட அந்தக் காலைக் கையால் தூக்கித்தான் வைத்தேன்.

நடக்கும்போதும் ஓடும்போதும் கால் முன்னும் பின்னும் போகிறது. ஸ்கேட்டிங்கில் பக்கவாட்டில் தள்ளுகிறோம். அப்படி விலகிப் போகும் காலை நிறுத்தித் திரும்பக் கொண்டுவருவது உள்தொடைத் தசை. மற்ற நேரங்களில் அதற்கு இவ்வளவு வேலை கிடையாது. தூங்கி எழுந்து அரை மணி நேரத்தில் அதனிடம் முழு வேலை வாங்கினால் அது என்ன செய்யும்?

"சென்னையில் நின்றாலே வியர்க்கிறதே, தனியாக வார்ம் அப் வேறா?" என்பார்கள். வியர்ப்பது புழுக்கத்தில். தசைக்கு ரத்தம் கூடுதலாகப் பாய வேண்டுமென்றால் அதை அசைக்க வேண்டும். மே மாதத்தில் நேரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம், அடியோடு விடக் கூடாது.

சில இடங்களில் ஸ்ட்ரெச்சிங் நடக்கத்தான் செய்கிறது. ஆனால் ஸ்கேட்டைக் கட்டிக்கொண்டு, குனிந்து கால் விரலைத் தொட்டு, அப்படியே எண்ணிக்கொண்டு நிற்கிறார்கள். இழுத்துப் பிடித்து நெடுநேரம் நிற்கும் ஸ்ட்ரெச், அதுவும் ஒரு நிமிடத்தைத் தாண்டினால், தசையின் உந்துவிசையைச் சற்று நேரத்துக்குக் குறைத்துவிடும். உடம்பு சூடாக இருக்கும்போது, வகுப்பு முடிந்த பிறகு அதை வைத்துக்கொள்ளலாமே. இன்னொன்று, பூட் கணுக்காலைக் கவ்விவிடுகிறது. பக்கிள் மாட்டிய பிறகு கணுக்காலைச் சுழற்றச் சொன்னால் பிள்ளை எங்கே சுழற்றும்?

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. நாலு ரவுண்டு மெதுவோட்டம், இல்லையென்றால் ஸ்கிப்பிங். வேலியைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும், பிறகு குறுக்காகவும் பத்துப் பத்து முறை வீசுவது. முட்டியை மடக்கி இறங்கி இறங்கி நடப்பது. ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பக்கவாட்டில் தாவுவது, இது ஏறக்குறைய சக்கரமில்லாத ஸ்கேட்டிங்தான். அதற்குப் பிறகு பக்கிள், இரண்டு ரவுண்டு நிதானமாக, அப்புறம் விசில். தாமதமாக வருபவரும் வேலியோரம் நின்று இதை முடித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், என்னைப் போன்றவர்கள் உட்பட. விழுந்தால் மணிக்கட்டைக் காப்பது இதெல்லாம் இல்லை, ரிஸ்ட் கார்டுதான். அதையும் விட்டுவிடாதீர்கள்.

2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தாய்ஹேயில் நம் சென்னைக்காரர் ஆனந்த்குமார் வேல்குமார் ஸ்பீடு ஸ்கேட்டிங் 1000 மீட்டர் ஸ்பிரின்ட்டில் உலக சாம்பியன் ஆனார். எடுத்துக்கொண்ட நேரம் 1 நிமிடம் 24.924 வினாடி. அதைக் கேட்டதிலிருந்து எங்கள் பேட்ச் வாண்டுகள் முதல் ரவுண்டிலேயே ரேஸ் விடுகிறார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது. கூடவே வயிற்றையும் கலக்குகிறது.

பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்று தயங்காதீர்கள். எங்கள் பேட்ச்சில் அவர்களிடம் பேசும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன், முதலில் முணுமுணுத்தவன் என்ற முறையில். வரும் சனிக்கிழமை 5:50-க்கே ஆறு ஸ்கிப்பிங் கயிறோடு வேலியோரம் நிற்பேன். விசிலை மட்டும் பத்து நிமிடம் பையிலேயே வைத்திருங்கள், மாஸ்டர்.

இப்படிக்கு,
ஆறு மணி பேட்ச் அப்பா ஒருவர்