போனஸ் வாங்கியது என் தப்பா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கை சிறப்பிதழில் என்னென்ன உதவித்தொகை இருக்கிறது, எதற்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்றெல்லாம் விவரமாகப் போட்டிருந்தீர்கள். நல்ல கட்டுரை, கத்தரித்து வைத்திருக்கிறேன். ஆனால் அதில் "பெற்றோரின் வருமானச் சான்றிதழ் அவசியம்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த ஒரு வரிக்குள் எங்கள் வீட்டில் ஜூன், ஜூலை ரெண்டு மாதமும் போய்விட்டது. அதைத்தான் எழுதுகிறேன், நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். சம்பளம் மாதம் 20,500. பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தது போக கைக்கு வருவது பதினெட்டாயிரத்து ஐந்நூறு சொச்சம். மகள் இந்த வருடம் கலந்தாய்வில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் வாங்கிவிட்டாள். நாங்கள் ஆதிதிராவிடர் வகுப்பு. பத்தாம் வகுப்புக்கு மேல் படிக்கிற எங்கள் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கிற போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றி நான் கவலைப்பட வேண்டியதில்லை. அதற்குப் பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 20,500-ஐ பன்னிரண்டால் பெருக்கினால் 2,46,000. சரி, வரம்புக்குள்தான் இருக்கிறோம் என்று நிம்மதியாக இ-சேவை மையத்துக்குப் போனேன்.

அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த தம்பி என் சம்பளச் சிலிப்பைப் பார்த்ததுமே தலையை ஆட்டினான். "அண்ணாச்சி, சம்பளம்னு போடாதீங்க, கூலின்னு போடுங்க. எழுபத்திரண்டாயிரம்னு போட்டா ஒரு கேள்வியும் வராது" என்றான். அவன் கெட்டவன் இல்லை, ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு இதையே சொல்கிறவன், எது செல்லும் எது செல்லாது என்று அவனுக்குத் தெரியும். நான்தான் வீம்பாக, உள்ளதைப் போடு தம்பி, உள்ளதே வரம்புக்குள்தானே இருக்கிறது என்றேன். அறுபது ரூபாய் கட்டி ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து விஏஓ கூப்பிட்டார். சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். மில்லில் கொடுத்த சம்பளச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு, "போனஸ் உண்டாங்க?" என்று கேட்டார். போன தீபாவளிக்கு ஏழாயிரம் வந்தது. உண்டு என்றேன். அவ்வளவுதான், 2,53,000. "சார், பேப்பரைப் பார்த்த பிறகு நான் குறைச்சுப் போட முடியாது, ஆடிட்ல என் தலைதான் உருளும்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. மூவாயிரம் ரூபாய் கூட. மூவாயிரம் ரூபாய்க்காக வருடம் ஐம்பதாயிரத்துக்கு மேல் கட்டணம், நாலு வருடத்துக்கு. வீட்டில் வந்து சொன்னபோது மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஏம்ப்பா, தீபாவளிக்குத் துணி எடுக்காமலே இருந்திருக்கலாமே" என்றாள். போனஸை மில்லில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று கேஷியரிடம் நிஜமாகவே கேட்டுப் பார்த்தேன். சிரித்தார். சட்டப்படி கொடுத்தே ஆக வேண்டியதாம்.

இப்போது எதிர்வீட்டுக் கதையைச் சொல்கிறேன். உரக்கடை வைத்திருக்கிறார், ஊருக்குள் ரெண்டு வீடு வாடகைக்கு விட்டிருக்கிறார். அவர் மகனுக்கு வாங்கிய வருமானச் சான்றிதழில் 72,000 என்றிருக்கிறது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை, அவசரத்துக்குக் கைமாற்று தருகிற மனுஷன். நான் கேட்பது வேறு. இந்த இரண்டரை லட்சம் என்கிற கோடு யாரை அளக்கிறது? கடைக்காரரை அளக்க விஏஓவிடம் கோலும் இல்லை, கணக்கும் இல்லை, ரெண்டு பேர் சாட்சி சொன்னால் போதும். என்னை அளக்க மட்டும் சிலிப் இருக்கிறது, வங்கி பாஸ்புக் இருக்கிறது, பிஎஃப் கணக்கு இருக்கிறது. ஆக பைசா சுத்தமாக மாட்டுகிறவன் பிஎஃப் பிடிக்கிற இடத்தில் வேலை பார்க்கிற தொழிலாளிதான். எந்த வேலைக்குப் போனாலும் பிஎஃப், இஎஸ்ஐ இருக்கிற இடமாகப் பார்த்துப் போ என்று என் அப்பா படித்துப் படித்துச் சொல்லித்தான் இந்த மில்லில் சேர்ந்தேன்!

இன்னொன்று. இந்த இரண்டரை லட்சத்தை வைத்தது 2013-14-ல். அதற்கு அடுத்த வருடம், 2014-ல், வருமான வரி விலக்கு வரம்பையும் அதே இரண்டரை லட்சமாக உயர்த்தினார்கள். அன்றைக்கு ரெண்டு கோடும் ஒரே இடத்தில் நின்றன. வரி கட்டத் தேவையில்லாதவன் எவனோ அவன் பிள்ளைக்கு உதவித்தொகை என்று ஒரு நியாயமாவது தெரிந்தது. இப்போது 2025 பட்ஜெட்டில், புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை என்றாகிவிட்டது. உதவித்தொகைக் கோடு மட்டும் நட்ட இடத்திலேயே நிற்கிறது. முற்பட்ட வகுப்பில் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு என்று 2019-ல் கொண்டுவந்த 10 சதவீத ஒதுக்கீட்டில் நலிந்தவர் என்றால் 8 லட்சம் வரை. மாதம் அறுபத்தாறாயிரம் வாங்குகிறவர் அங்கே நலிந்தவர், இருபதாயிரத்து எண்ணூற்று முப்பத்து மூன்றுக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் இங்கே நான் வசதியானவன். இதை யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

மூத்தவன் படித்தபோது என் சம்பளம் பதினாறாயிரம். அவனுக்கு இதே உதவித்தொகை வந்தது, படித்து முடித்துவிட்டான். அப்போது வீட்டு வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறு, இப்போது ஐயாயிரம். அரிசி, கேஸ் எல்லாம் உங்களுக்கே தெரியும். இடையில் எப்போது நான் பணக்காரன் ஆனேன் என்று என் வீட்டுக்காரியும் யோசித்துப் பார்க்கிறாள், பிடிபடவில்லை. சரி, வருமானம் பார்க்காமல் கொடுக்கிற முதல் பட்டதாரிச் சலுகையாவது கிடைக்குமா என்றால், அண்ணன் பட்டதாரி ஆகிவிட்டதால் தங்கை முதல் பட்டதாரி இல்லை. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் போட்டியிட்டிருக்கலாம், அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டிவிடும். இவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. தமிழ் வழியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அப்பா சம்பளம் என்ன என்று கேட்காத திட்டங்களில் எங்களுக்குப் பொருந்தியது அது ஒன்றுதான். அந்த விண்ணப்பத்தை நிரப்பும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

கடைசியில் வங்கியில் கல்விக் கடனுக்குப் போயிருக்கிறோம். நாலு லட்சம் வரை ஜாமீன் சொத்து கேட்க மாட்டார்கள். அங்கே படிப்புக் கால வட்டிக்கு அரசு மானியம் உண்டு, அதற்குக் குடும்ப வருமான வரம்பு நாலரை லட்சம். அதாவது எந்த 2,53,000 சான்றிதழ் உதவித்தொகைக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டதோ, அதே தாளை மேனேஜர் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லது, மானியத்துக்கு எலிஜிபிள்" என்றார். ஒரே ஆள், ஒரே தாள். கடன் வாங்க நான் ஏழை, கடன் இல்லாமல் படிக்க வைக்க ஏழை இல்லை.

உங்கள் இதழ் இதை எடுத்து எழுதினால் நன்றாக இருக்கும். இது சென்னையை மட்டும் கேட்கிற விஷயமில்லை. இந்த உதவித்தொகையில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு போட்டுக் கொடுக்கின்றன, வரம்பை வைத்தது டெல்லி. வருடா வருடம் அகவிலைப்படியை விலைவாசி பார்த்து ஏற்றுகிறவர்களுக்கு இந்த வரம்பை ஏற்றத் தெரியாதா? அப்படியே ஏற்றாவிட்டாலும், கோட்டை மூவாயிரம் தாண்டினவனுக்கு முழுசாகக் கதவை அடைக்காமல் பாதியாவது கொடுக்கலாமே. இரண்டரை லட்சத்துக்கு முழுக் கட்டணம், மூணு லட்சத்துக்கு முக்கால், நாலு லட்சத்துக்குக் கால் என்று படிப்படியாக வைத்தால் பொய் சொல்ல வேண்டிய அவசியமே பாதிப் பேருக்கு இருக்காது. இ-சேவை தம்பிக்கும் அந்த எழுபத்திரண்டாயிரம் மனப்பாடம் ஆகியிருக்காது.

அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பிக்கலாம், அப்போதைய வருமானத்தைத்தான் பார்ப்பார்கள் என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். போனஸ் எப்படியும் வரும், ஓவர்டைமாவது பார்க்காமல் இருந்து பார்ப்போம் என்று நினைத்திருந்தேன். போன வாரம் மில்லில் இன்கிரிமென்ட் லெட்டர் கொடுத்தார்கள். நானூறு ரூபாய். பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்தேன், போனஸைச் சேர்க்காமலே 2,50,800 வருகிறது. லெட்டரை இன்னும் வீட்டில் காட்டவில்லை.

இப்படிக்கு,
மில் தொழிலாளி ஒருவர்,
ராஜபாளையம்.