பார்த்தவர் பட்டியலில் உன் பெயர்

அன்புள்ள தம்பி கதிருக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அக்கா வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கிறாள். நம் புளோக்கில் லிஃப்ட் வேலை நடக்கிறது, ஆறாவது மாடி வரை படியேறித்தான் வருகிறோம். முட்டி வலி இருக்கிறது, சமாளிக்கிறேன். இதெல்லாம் சொல்வதற்காக எழுதவில்லை.

வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரல் படம் வருகிறது. கூப்பிட்டால் "மீட்டிங், அப்புறம் பேசுறேன்" என்று வருகிறது. போன ஞாயிற்றுக்கிழமையும் அதே பதில்தான் வந்தது. அதனால்தான் இப்படி நீளமாக எழுத உட்கார்ந்தேன். மெதுவாகப் படி. உடனே பதில் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா தினமும் ஸ்டேட்டஸ் போடுகிறாளே, கவனித்திருப்பாய். முன்பெல்லாம் அவளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. இப்போது காலையில் கோலம், மத்தியானம் பாகற்காய்க் குழம்பு, சாயங்காலம் தொட்டியில் பூத்த செம்பருத்தி என்று போட்டுக்கொண்டே இருக்கிறாள். யாருக்காக என்று நினைத்தாய்? போட்டதை யார் யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்குப் பார்த்தார்கள் என்று கீழே காட்டுமாம். அக்கா மகள் யாழினி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். காலையில் எழுந்ததும் அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்து அந்தப் பட்டியலைத்தான் முதலில் பார்க்கிறாள். உன் பெயர் இருந்தால் காப்பி கலக்கப் போகிறாள். பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் மணியை என்னிடம் சொல்வதில்லை. நான்தான் பார்த்தேன். மூன்றேகால். மறுநாள் மூன்றே முக்கால். இன்னொரு நாள் நாலரை.

ஆஸ்திரேலியாவில் நீ இருக்கும் பெர்த்துக்கும் நம் சிங்கப்பூருக்கும் மணி ஒன்றுதான். நீ லண்டனிலோ மெல்பர்னிலோ இருந்தால் நேர வித்தியாசம் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். இங்கே மூன்றேகால் என்றால் அங்கேயும் மூன்றேகால்தான். ஏழு மணிக்கு எழுந்து வேலைக்குப் போகிற பிள்ளை அந்நேரத்தில் பாகற்காய்க் குழம்பைப் பார்த்துக்கொண்டு என்ன செய்கிறான்? இதைப் படித்ததும் அந்த நீல டிக்கை அணைத்துவிடாதே. அணைத்தால் பட்டியலில் உன் பெயர் வராதாம். அம்மாவுக்கு உன்னிடமிருந்து இப்போது வருவது அது ஒன்றுதான்.

யாழினி பள்ளியில் இந்த வருஷம் புதுச் சட்டம். ஜனவரியிலிருந்து உயர்நிலைப் பள்ளிகளில் பள்ளி நேரம் முழுக்கப் போனைத் தொடக்கூடாது, இடைவேளையிலும் கூடாது. முதல் வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது ரிசஸில் பேட்மிண்டன் ஆடுகிறாளாம். உன் ஊரில் இன்னும் கடுமை. டிசம்பரிலிருந்து 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் சமூக ஊடகங்களில் கணக்கே வைத்துக்கொள்ள முடியாதாமே. உனக்கு முப்பது ஆகிறது, எந்தச் சட்டமும் உன்னிடம் வராது. அப்பன்தான் வர வேண்டியிருக்கிறது.

அவள் இதைப் பற்றி ஒரு புராஜெக்ட் செய்தாள், சமூக ஊடகமும் மனச்சோர்வும் என்று. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் உட்கார்ந்து செய்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டேன். நம் மனநலக் கழகம் 15 முதல் 35 வயது வரை உள்ள ஏறக்குறைய 2,600 பேரிடம் ஆய்வு செய்து, 2024 செப்டம்பரில் முடிவை வெளியிட்டது. மனச்சோர்வு, பதற்றம், மன உளைச்சல் இவற்றில் ஒன்றாவது கடுமையாக இருப்பதாகச் சொன்னவர்கள் ஏறக்குறைய மூன்றில் ஒருவர். நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருப்பவர்களிடம் அது அதிகமாகக் காணப்பட்டது. 15 முதல் 35. நீ அதில் வருகிறாய். நீ இன்ஜினியர், உடனே கேட்பாய், "போனால் சோர்வு வந்ததா, சோர்வு இருப்பதால் போனைப் பிடித்துக்கொள்கிறார்களா?" என்று. யாழினியும் அதையேதான் கேட்டாள். ஒரு தடவை கேட்டு எடுக்கும் கணக்கில் அது தெரியாது என்று அவளே எழுதியிருக்கிறாள். ஆக்ஸ்ஃபர்டு ஆய்வாளர்கள் 2019இல் மூன்றரை லட்சத்துக்கும் அதிகமான இளம் பிள்ளைகளின் விவரங்களை அலசினார்களாம். போன், கம்ப்யூட்டர், டிவி எல்லாம் சேர்ந்தே பிள்ளைகளின் மனநலத்தில் உள்ள வித்தியாசத்தில் அதிகபட்சம் 0.4 விழுக்காட்டைத்தான் விளக்குகிறது என்று முடித்தார்களாம். அது சராசரிக் கணக்கு, தம்பி. எனக்கு இருப்பது ஒரே மகன். அந்தச் சராசரியில் என் பிள்ளை எந்தப் பக்கம் நிற்கிறான் என்று அது எனக்குச் சொல்லாது.

அவள் எழுதியதில் என் மனசில் நின்றது வேறு ஒன்று. 2018இல் அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் வழக்கம்போல இருக்கலாம். மற்றவர்களுக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டகிராம், ஸ்னாப்சாட் ஒவ்வொன்றுக்கும் நாளுக்குப் பத்து நிமிடம்தான். மூன்று வாரம் அப்படி இருந்தார்கள். குறைத்துக்கொண்டவர்களுக்குத் தனிமையும் மனச்சோர்வும் குறைந்தன. ஏற்கெனவே சோர்வு அதிகமாக இருந்தவர்களுக்குத்தான் நன்றாகவே குறைந்ததாம். அடியோடு விடச் சொல்லவில்லை, பத்து நிமிடம் விட்டு வைத்திருக்கிறார்கள் பார். நானும் விடச் சொல்லவில்லை. விட்டுவிட்டால் உன் பெயரும் எங்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

இராத்திரி போனைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதே. சமையலறையில் சார்ஜ் போடு. எழுப்புவதற்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்.

பஸ் ஓட்டிய காலத்தில் நான் இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முதலில் தமிழ் முரசும் சீனப் பத்திரிகையும் படிப்பார்கள், தூங்குவார்கள், பக்கத்தில் இருப்பவரோடு கதை பேசுவார்கள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாத் தலையும் குனிந்துவிட்டது. ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஒரு இராத்திரி, மாடி பஸ், யீஷூன் இன்டர்சேஞ்சுக்கு வந்து நிறுத்திவிட்டு மேல் தளத்தில் யாரும் இருக்கிறார்களா என்று பார்க்கப் போனேன். கடைசி வரிசையில் ஒரு பையன், தேசிய சேவை உடுப்பில். நான் பின்னால் போய் நின்றதுகூட அவனுக்குத் தெரியவில்லை. கட்டைவிரல் மேலே மேலே தள்ளிக்கொண்டே இருந்தது. கடற்கரையில் யாரோ இருவர், ஒரு தட்டுச் சாப்பாடு, அரசாங்கம் கட்டிக் கொடுத்த புது பிடிஓ வீட்டுக் கதவுக்கு முன்னால் சாவியைத் தூக்கிக் காட்டும் ஒரு ஜோடி, குழந்தைக்குப் பிறந்தநாள் கேக். எதிலும் அவன் நிற்கவில்லை. முகத்தில் ஒரு அசைவும் இல்லை. "தம்பி, லாஸ்ட் ஸ்டாப்" என்றேன். திடுக்கிட்டு நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது. தூக்கமில்லாத சிவப்பா, அழுத சிவப்பா என்று தெரியவில்லை. "சாரி அங்கிள்" என்று பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். அவன் இறங்க வேண்டிய இடம் எப்போதோ போயிருக்கும். நீ அப்போது யூனிவர்சிட்டியில் இருந்தாய். இதை வீட்டில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

நீயும் இப்போது எதுவும் போடுவதில்லை. முன்பு ஸ்வான் ஆற்றங்கரை, சைக்கிள், நீ சமைத்த கருகல் தோசை என்று ஏதாவது போடுவாய், அக்கா எனக்குக் காட்டுவாள். இப்போது நீ மற்றவர்கள் போடுவதைப் பார்ப்பதோடு சரி. யாழினி அதற்கும் ஒரு குறிப்பு வைத்திருந்தாள். நண்பர்களோடு பேசுவதற்கு அதைப் பயன்படுத்துவது ஒன்று, பேசாமல் அடுத்தவன் வாழ்க்கையை மேலே தள்ளித் தள்ளிப் பார்ப்பது இன்னொன்று, இரண்டையும் ஒன்றாக எண்ணக்கூடாது என்று.

உன்னோடு படித்தவர்கள் எல்லாரும் வீடு, கல்யாணம், குழந்தை என்று போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கடனையும் வீட்டுச் சண்டையையும் யாரும் போடுவதில்லை. மணிவண்ணனின் அப்பாவைத் தேக்காவில் அடிக்கடி பார்க்கிறேன், அவரிடம் கேட்டால் வேறு கதை சொல்வார். நம் குடும்பத்தில் முதல் இன்ஜினியர் நீ. நன்யாங்கில் நீ பட்டம் வாங்கிய படத்தை டிப்போவில் நான் காட்டாத ஆள் கிடையாது. அந்தப் படம் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. அப்படிப்பட்டவன் தீபாவளிக்கு வரவில்லை. டிக்கெட் விலை என்றாய். ஐந்து மணி நேரப் பயணம். அம்மா முறுக்கு சுட்டு டின்னில் போட்டு வைத்திருந்தாள்.

புவனா வீட்டாரையும் பார்த்தேன். கோவில் வாசலில், தைப்பூசம் முடிந்த வாரம். அவள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு பேசினார், நானும் பேசினேன். அந்தப் பெண்ணுக்கு நல்லது நடந்திருக்கிறது, அது உனக்கும் தெரிந்திருக்கும். அவள் படங்கள் உனக்கு வந்துகொண்டிருக்கின்றனவா, நீயே போய்ப் பார்க்கிறாயா என்று நான் கேட்கமாட்டேன். அவள் பெயர் கண்ணில் படாமல் செய்ய அதில் வழி இருக்கிறதாம். பகையில்லை, சண்டையில்லை, அவளுக்குத் தெரியவும் தெரியாது. இவ்வளவுதான் சொல்வேன்.

ஈப்போ மாமா ஞாபகம் இருக்கிறதா? உனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அவர் பெயர் வந்தாலே அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள், இன்றைக்கும் அப்படித்தான். அவருக்குக் கையில் போனும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. ஆனால் அவரும் இராத்திரி தூங்கவில்லை. அவரும் கேட்டால் "ஒன்றுமில்லை, வேலை அதிகம்" என்றுதான் சொன்னார். அதனால் போன்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. போனைத் தூக்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்கவில்லை. உன் அம்மா அந்தப் பட்டியலில் மணியைப் பார்க்கும்போது யாரை நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நானும் அவரைத்தான் நினைக்கிறேன்.

தூக்கம் வராமல், சாப்பாடு பிடிக்காமல், முன்பு ஆசையாகச் செய்த எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் டாக்டரிடம் காட்ட வேண்டும். அது சோம்பல் இல்லை, கோழைத்தனமும் இல்லை. சர்க்கரைக்கு அம்மா மாத்திரை போடுவதில் என்ன வெட்கம் இருக்கிறது, இதில் மட்டும் என்ன வெட்கம்? பேசிப் பேசியே பலருக்கு நன்றாகிறது, சிலருக்கு மருந்தும் வேண்டியிருக்கிறது, இரண்டுக்கும் வழி இருக்கிறது. அங்கே சாதாரண குடும்ப டாக்டரிடம் போய்ச் சொன்னாலே போதும், அடுத்து எங்கே போக வேண்டும் என்று அவர் சொல்வார். என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவிடமும் சொல்ல வேண்டியதில்லை. டாக்டரிடம் சொல். அர்த்த ராத்திரியில் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அங்கே லைஃப்லைன் என்று இருக்கிறது, நம்பர் 13 11 14, எந்நேரமும் எடுப்பார்கள். இங்கே வந்திருக்கும்போது என்றால் 1767, அல்லது 1771. மூன்றையும் போனில் சேமித்துக்கொள். உனக்குத் தேவைப்படாவிட்டாலும் கூட வேலை செய்யும் யாருக்காவது பயன்படும்.

இவை எதற்கும் மனம் வராவிட்டால் என்னைக் கூப்பிடு. மூன்றேகாலுக்கே கூப்பிடு. நான் விழித்துத்தான் இருக்கிறேன். ஒன்றும் பேச வேண்டாம், நான் லிஃப்ட் கதையும் யாழினி கதையும் சொல்லிக்கொண்டிருப்பேன், நீ கேட்டுக்கொண்டிரு.

சாப்பிடு. நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் கொஞ்சம் நட, அங்கேதான் நல்ல வெயில் இருக்கிறதே. போனைச் சமையலறையில் சார்ஜ் போடு.

அப்புறம் ஒரு விஷயம். நான் ஏப்ரலில் அங்கே வருகிறேன். அக்கா டிக்கெட் எடுத்துவிட்டாள், ஆஸ்திரேலியா போகும் அனுமதியையும் போனிலேயே போட்டுக் கொடுத்துவிட்டாள். அம்மாவுக்கு முட்டியும் சர்க்கரையும் இருப்பதால் நான் மட்டும்தான். பத்து நாள் இருப்பேன். நீ லீவு போட வேண்டாம், வேலைக்குப் போ. நான் சமைத்து வைக்கிறேன், சாயங்காலம் சேர்ந்து சாப்பிடலாம். உன் அறையில் இடமில்லை என்று சொல்லாதே, ஹாலில் பாய் போட்டுப் படுத்துக்கொள்வேன். அம்மா கருவாடு கட்டித் தருகிறேன் என்கிறாள். பெர்த் ஏர்போர்ட்டில் பிடித்துவிடுவார்களோ என்று சொன்னால் கேட்கவில்லை, நீ ஒரு வார்த்தை அவளிடம் சொல். மிளகாய்த்தூளும் புளியும் கொண்டு வரலாமா என்று பார்த்துச் சொல். உன் வீட்டில் சோறு வடிக்கப் பெரிய பாத்திரம் இருக்கிறதா? இல்லையென்றால் முஸ்தஃபாவில் ஒன்று வாங்கி வருகிறேன். இரண்டு பேருக்கு எந்த அளவு போதும் என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா