ஸ்ட்ரம்மரின் கணக்கு

காரைக்குடி,
20-1-2003

அன்புள்ள நண்பா,

பினாங்கிலிருந்து நீ அனுப்பிய உறை, பொங்கல் விடுமுறை முடிந்து தபால் நிலையம் திறந்த அன்றே கைக்கு வந்தது. உள்ளே இருந்த பத்திரிகை நறுக்கைப் படிப்பதற்கு முன்பே, பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள பிரவுசிங் சென்டரில் வேறு ஏதோ வேலையாக உட்கார்ந்திருந்தபோது, லண்டனின் பங்க் ராக் குழுவான தி கிளாஷின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் இறந்துவிட்டார் என்ற செய்தி என் கண்ணில் பட்டுவிட்டது. டிசம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில் சாமர்செட் பகுதியில் புரூம்ஃபீல்டு என்னும் சிற்றூர். நாய்களை உலாத்திவிட்டு வீடு திரும்பிய மனிதர் அப்படியே போய்விட்டார். வயது ஐம்பது. பிறவியிலேயே இதயத்தில் ஒரு குறை இருந்திருக்கிறது. இருந்த காலமெல்லாம் யாரும் அதைக் கண்டறியவில்லை. பங்க் பாடகர் என்றால் போதையில்தான் போயிருப்பார் என்று இங்கே ஒருவர் என்னிடம் சொன்னார். அவருக்கு விளக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாவு வீட்டுக்குப் போய் அழ முடியாத தூரத்தில் நடந்த சாவு இது. ஆகவே உனக்கு எழுதுகிறேன். இந்த ஊரில் தி கிளாஷ் என்ற பெயரைச் சொன்னால் புரிந்துகொள்ள உன்னைத் தவிர எனக்கு வேறு யாரும் வாய்க்கவில்லை.

உன் அப்பச்சி கொண்டுவந்த டேப் ரிக்கார்டரை வளவில் வைத்து ‘லண்டன் காலிங்’ கேசட்டைப் போட்டால், வானம் பார்த்த அந்த முற்றமும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் சேர்ந்து அந்தக் குரலை இரண்டு மடங்காக்கித் திருப்பித் தந்தது நினைவிருக்கும். அதைக் கேட்ட உன் அப்பத்தா, “அந்தப் பிள்ளை யாரையோ இவ்வளவு நேரமாகக் கூப்பிடுதே, யாராவது போய்ப் பதில் சொல்லக் கூடாதா?” என்றார்கள். பாட்டு விமரிசனத்தில் அதற்கு மேல் ஒருவர் என்ன எழுதிவிட முடியும்?

ஸ்ட்ரம்மரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் இந்த வாரங்களில் படித்துக்கொண்டிருக்கிறேன். இயற்பெயர் ஜான் கிரகாம் மெல்லர். 1952இல் துருக்கியின் அங்காரா நகரில் பிறந்தவர். தந்தை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை ஊழியர், அவர் பிறந்ததோ நம் லக்னோவில். கெய்ரோ, மெக்சிகோ நகரம், ஜெர்மனியின் பான் என்று ஊர் ஊராகப் பணி மாறிய பெற்றோர், ஒன்பது வயதில் பிள்ளையை இங்கிலாந்தில் விடுதிப் பள்ளியில் விட்டுப் போயிருக்கிறார்கள். அதன்பின் ஏழு ஆண்டுகள், ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறைதான் அவர்களைப் பார்த்திருக்கிறார். இதைப் படித்தவுடன் உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். உன் அப்பச்சி கப்பலேறிய பிறகு, அவருடைய முகம் உனக்குக் கடிதங்களிலும் சுவரில் மாட்டிய படத்திலுமாகத்தானே இருந்தது? நம் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் வளர்ந்தார்கள், நமக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை என்று நீ எப்போதும் சொல்வாய். ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் நீ மட்டும் ஏன் பேச்சை நிறுத்திவிடுவாய் என்று எனக்கு இப்போது ஒருவாறு விளங்குகிறது.

அதே விடுதியில் அவருடைய அண்ணன் டேவிடும் இருந்தார். ஒன்றும் பேசாத பிள்ளை. வெள்ளை இனவெறிக் கட்சியான நேஷனல் ஃபிரண்டில் சேர்ந்து, 1970இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, 1978 ஏப்ரல் 30 அன்று, அந்தக் கட்சிக்கும் அதன் இனவெறிக்கும் எதிராக லண்டன் விக்டோரியா பூங்காவில் பல்லாயிரம் பேர் கூடியபோது, மேடையில் நின்று பாடியவர்களுள் தம்பி ஒருவர். இவ்விரண்டையும் இணைத்து அவர் பெரிதாகப் பேசிக்கொண்டதாக நான் படிக்கவில்லை. இணைத்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

வெளியுறவுத் துறை ஊழியரின் மகன், கட்டணப் பள்ளியில் படித்தவர், தொழிலாளி வேடம் போடுகிறார் என்று அவரை அந்த நாளிலேயே இகழ்ந்தார்கள். ‘பேங்க்ராபர்’ பாட்டில் தன் அப்பன் வங்கிக் கொள்ளைக்காரன் என்று ஒருவன் சொல்வதைப் பிடித்துக்கொண்டு நையாண்டி செய்தவர்கள் உண்டு. அந்த இகழ்ச்சியில் எனக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. அதற்கு நாம் வளர்ந்த வீடே காரணம். கொடுக்கல் வாங்கலுக்குப் பர்மா சென்ற நம் நகரத்தார் பாட்டன்மார் கையில், 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில், கடனுக்கு ஈடாகக் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு நிலம் வந்து சேர்ந்தது. அவர்கள் ஏமாற்றிச் சேர்த்ததாக நான் சொல்லவில்லை. விலை விழுந்தது, குடியானவன் கட்ட முடியவில்லை, பத்திரம் பேசியது. ஆயினும் அந்தப் பர்மாத் தேக்குத் தூணில் சாய்ந்துகொண்டுதான் நாம் ஏழைக்காகப் பாடிய அவர் பாட்டைக் கேட்டோம். பெரிய வீட்டில் பிறந்தவன் அந்த வீட்டுக்கு எதிரான பாட்டைப் பாடக் கூடாது, கேட்கக் கூடாது என்றால், நாம் இருவரும் வாழ்நாள் முழுக்க வாயையும் காதையும் பொத்திக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். எங்கே பிறந்தார் என்பதை விட்டுவிட்டு, கைக்கு வந்த பணத்தை என்ன செய்தார் என்று பார்ப்பதே முறை. நான் கணக்குப் பார்த்துப் பிழைப்பவன். வேறு எப்படிப் பார்ப்பேன்?

அப்படிப் பார்த்தால் கிளாஷ் குழுவின் பேரேடு வியப்பளிக்கிறது. 1979 டிசம்பரில் ‘லண்டன் காலிங்’ இரண்டு இசைத்தட்டுகளாக வெளிவந்தது. விலையோ ஏறக்குறைய ஒரு தட்டின் விலை. இலவசமாக ஒரு சிறு தட்டு இணைத்துத் தரலாமா என்று சி.பி.எஸ். இசைத்தட்டு நிறுவனத்திடம் கேட்டு ஒப்புதல் வாங்கி, பிறகு அந்தச் சிறு தட்டையே முழுத் தட்டாக வளர்த்துவிட்டார்கள். வியாபாரச் சூழ்ச்சியை வாங்குகிறவனுக்கு ஆதாயமாகச் செய்த இடத்தை நான் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை. அடுத்த ஆண்டு ‘சாண்டினிஸ்டா’: மூன்று தட்டுகள், 36 பாடல்கள். விலையை ஏற்றாமலிருக்க, பிரிட்டனில் முதல் 2 லட்சம் பிரதிகளுக்கு ராயல்டி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். நம்மவர்கள் வரவில் ஒரு பங்கை மகமை என்று எடுத்துவைத்த பிறகே மிச்சத்தைத் தொடுவார்கள் அல்லவா? இந்தப் பையன்கள் முதலையே மகமையில் வைத்துவிட்டார்கள். கடனில் இருந்துகொண்டு இதைச் செய்தது தொழில் தர்மப்படி மடத்தனம் என்று உன் அப்பச்சி சொல்லியிருப்பார்; அதையும் நான் மறுக்கமாட்டேன்.

ஸ்ட்ரம்மரைத் தெய்வமாக்கி எழுதுகிற எழுத்துகள் எனக்குச் சலிப்பூட்டுகின்றன. 1983இல் மிக் ஜோன்ஸைக் குழுவிலிருந்து வெளியேற்றியது பெரும் பிழை. அந்தப் பாட்டுகளில் பாதிக்கு மேல் மெட்டமைத்தவரை அனுப்பிவிட்டு எஞ்சியவர்கள் 1985இல் போட்ட தட்டை, நீ அனுப்பியும் நான் இரண்டாம் முறை கேட்கவில்லை. பின்னாளில் ஸ்ட்ரம்மர் தாமே அதற்காக வருந்திப் பேசினார். இடது கைக்காரராக இருந்தும் வலது கைக் கிட்டாரையே பழகியதால் நுணுக்கமாக வாசிக்க வராமல், ஆறு தந்திகளையும் சேர்த்து அடிப்பவர் என்ற பொருளிலேயே தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டவர், மெட்டுப் போடும் கையைத் தள்ளிவிட்டது எந்தக் கணக்கிலும் சேராது.

அந்தக் கணக்கும் ஒருவாறு நேராயிற்று என்பதுதான் நீ அனுப்பிய நறுக்கில் எனக்குப் புதிதாகக் கிடைத்த செய்தி. நவம்பர் 15 அன்று, வேலைநிறுத்தத்தில் இருந்த தீயணைப்புத் தொழிலாளர்களுக்கு நிதி திரட்ட, லண்டன் ஆக்டன் நகர மண்டபத்தில் தம் புதிய குழுவான மெஸ்கலெரோஸுடன் பாடினார். (1977க்குப் பின் அங்கே நாடு தழுவிய முதல் தீயணைப்பு வேலைநிறுத்தம் இது, கிளாஷின் முதல் தட்டு வந்ததும் அதே 1977இல்தான்.) பார்வையாளராக வந்திருந்த மிக் ஜோன்ஸ், ‘பேங்க்ராபர்’ தொடங்கியதும் யாரும் அழைக்காமலே மேடையேறி, கிட்டாரை மாட்டிக்கொண்டு மூன்று பாட்டுகள் கூட வாசித்திருக்கிறார். அந்த இருவரும் ஒரே மேடையில் நின்று கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. அதற்கடுத்த மாதமே ஸ்ட்ரம்மர் இல்லை. மார்ச்சில் அமெரிக்காவில், ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் குழுவைச் சேர்க்கவிருக்கும்போது அவர் இடம் காலியாகத்தான் இருக்கும்.

அந்த ஆக்டன் நிகழ்ச்சியின் ஒலிப்பதிவு எப்படியும் யாரிடமாவது இருக்கும். பினாங்கில் கிடைத்தால் கேசட்டாகவே அனுப்பு, சி.டி. வேண்டாம், என்னிடம் இன்னும் பழைய பெட்டிதான் ஓடுகிறது. ‘சாண்டினிஸ்டா’வில் பாதிப் பாடல்களை நீக்கியிருக்க வேண்டும் என்ற என் பழைய கட்சியை நான் இன்றும் விடவில்லை. நீ 36ஐயும் தூக்கிப் பிடிப்பவன். ஒரே தட்டில் அடங்கும்படி பன்னிரண்டு பாடல்களை மட்டும் நீ பொறுக்கி எழுதி அனுப்பு. என் பட்டியலை ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டேன், உன்னுடையது வந்த பிறகுதான் அனுப்புவேன்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்